காற்றுக்கு முந்திய நாள்: சூறாவளிக் காலத்தில் வீடும் வளவும்



ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் எமது கரையோரத்தில் எல்லோருடைய கண்ணும் கடலின் மேல் இருக்கும். பெரும்போக விதைப்பு முடிந்து வட்டைகளில் பயிர் பச்சை பிடிக்கும் காலம் அது. வாடைக்காற்றும் மாரி மழையும் எமக்கு வேண்டியவை. ஆனால் அதே மாதங்களில்தான் வங்காள விரிகுடாவில் சூறாவளிகளும் உருவாகின்றன. சொந்தக் காணியை விட்டு வந்து, தகரக் கொட்டிலிலோ பிறருடைய வளவிலோ குடியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு சூறாவளி என்பது இரண்டாவது இடப்பெயர்வு. அதைத் தடுக்க எம்மால் முடியாது. ஆனால் எதை இழப்பது, எதைக் காப்பது என்பதில் பாதி எமது கையில் இருக்கின்றது. இந்தப் பாடம் அதைப் பற்றியது.

1978இல் நடந்தது

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி, ஒரு வியாழக்கிழமை. அன்று கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி மட்டக்களப்பை நிலைகுலைய வைத்தது. அங்கிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்முனையும் அயல் ஊர்களும் தப்பவில்லை. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறக்குறைய 250,000 வீடுகள் சேதமுற்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் தென்னையின் பெரும்பகுதி அழிந்து போயிற்று.

மருதமுனையில் ஒரு மூத்தம்மாவிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது.

"பாதர், எங்கட உம்மா அண்டைக்குப் பகல்ல சும்மா இருக்கல்ல" என்று தொடங்கினார். வானம் கறுத்ததைக் கண்டதும் அவருடைய உம்மா இரண்டு வேளைச் சோற்றை ஒன்றாக ஆக்கினாராம். காணி உறுதியை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடினாராம். விதைப் போத்தல்களை நெற்பெட்டகத்தின் நடுவில் புதைத்தாராம். ஆட்டைக் கட்டிலிருந்து அவிழ்த்து விட்டாராம்.

"மஃரிபுக்கு முந்தி எல்லா வேலையும் முடிஞ்சிரிச்சி. ராவு கூரை போனதுக்குப் பொறகு செய்யிறதுக்கு ஒண்டுமில்ல. ஒராள ஒராள் புடிச்சிக்கிட்டு இருந்தம். விடிஞ்சி பாத்தா வாசல்ல இருந்து கடல் தெரியுது. வேலியுமில்ல, மரமுமில்ல."

"அதற்குப் பிறகு வளவு எப்படி எழும்பியது, உம்மா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு சொன்னார்: "கீரை ஒரு மாசத்தில கறிக்கு வந்திச்சி. பயித்தங்கா ரெண்டு மாசத்தில. தென்னம்புள்ள காய்க்க நான் கலியாணம் முடிச்சிப் புள்ளையும் பெத்திட்டன்."

எமது பாடம் முழுவதும் இந்த மூத்தம்மாவின் வார்த்தைகளில் இருக்கின்றது. காற்று வந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேலை எல்லாம் முந்திய நாளுக்கு உரியது. உயிருக்கு அடுத்ததாகக் காக்க வேண்டியவை இரண்டு: பத்திரமும் விதையும்.

முதற் கேள்வி: எங்கே இருப்பது?

கொங்கிறீற் வளையமும் உறுதியான கூரையும் உள்ள கல்வீடு என்றால் உள்ளே இருக்கலாம். தகரக் கொட்டில், கிடுகு வீடு, வெடித்த சுவருள்ள வீடு, கடலோரத்துக்கு மிக அருகிலுள்ள வீடு ஆகியவற்றில் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கோ, பள்ளிவாசல் மண்டபத்துக்கோ, உறவினரின் கல்வீட்டுக்கோ பகல் வெளிச்சத்திலேயே போய்விட வேண்டும்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதற்குத் தயங்குவதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். "கொட்டிலை விட்டால் இருக்கிற தகரமும் போய்விடும், நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டுவிடும்" என்ற பயம் நியாயமானதே. ஆகவே போகுமுன் கிராம உத்தியோகத்தரிடம் உங்கள் பெயரையும் போகும் இடத்தையும் பதியச் செய்யுங்கள். தகரத்தைத் திரும்பவும் வாங்கலாம்.

இன்னொரு தயக்கத்தை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். ஒரு வருடம் நாங்கள் ஒரு மண்டபத்தில் அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் ஆயத்தப்படுத்தினோம். பெண்களுக்கு மறைவான மலசலகூடமும் தனியான இடமும் இல்லை என்பதை நான் எண்ணவில்லை. ஐந்தாறு வீட்டுப் பெண்கள் பிள்ளைகளுடன் கொட்டிலிலேயே தங்கிவிட்டார்கள். அவ்வருடம் காற்று திசை மாறியதால் தப்பினோம். பிழை என்னுடையது. இடத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் பெண்கள் இருக்க வேண்டும்.

முந்திப் போவது எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு வங்காளதேசம் சாட்சி. 1970ஆம் ஆண்டுச் சூறாவளியில் அங்கு மூன்று இலட்சம் பேர் அளவில் இறந்தனர். பின்னர் அவர்கள் கரையெங்கும் புகலிடங்களைக் கட்டினார்கள். கிராமம் கிராமமாகத் தொண்டர்களைப் பயிற்றினார்கள். 2007ஆம் ஆண்டு சிட்ர் சூறாவளி வந்தபோது இறந்தோர் தொகை சில ஆயிரங்களாகக் குறைந்தது. காற்று குறையவில்லை, மக்கள் முந்தி நகர்ந்தார்கள்.

முந்திய நாளின் வேலைகள்

வானொலியையும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியையும் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பின்பு வேலையைப் பங்கிடுங்கள்.

*வீட்டில்*

- அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி ஆகியவற்றை இரண்டு பொலித்தீன் பைகளில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி, மூடியுள்ள வாளியில் வையுங்கள். பத்திரத்தைத் தொலைத்தவர்கள் தம் காணியை மீட்கப் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.
- ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் குடிதண்ணீர் என்று கணக்கிடுங்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 60 லீற்றர். கான்களில் நிறைத்து மூடுங்கள்.
- அடுப்பு மூட்டாமல் உண்ணக்கூடியவற்றைச் சேருங்கள்: வறுத்த அரிசிமா, அவல், சீனி, தேங்காய், பேரீச்சம்பழம், பிஸ்கட்.
- கூரையின் மேலாகக் கயிறு போட்டு நிலத்தில் அடித்த முளைகளில் கட்டுங்கள். கழன்று கிடக்கும் தகரம், பலகை, வாளி எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள். காற்றில் பறக்கும் ஒரு தகரத் துண்டு கத்தியைப்போல் வெட்டும்.
- கைத்தறி வைத்திருப்போர் நூற்கட்டுகளைப் பொலித்தீனில் கட்டி உயரத்தில் வையுங்கள்.

*வளவில்*

- தென்னையில் முற்றிய தேங்காய்களையும் காய்ந்த ஓலைகளையும் இறக்குங்கள். வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் கிளைகளை எல்லாப் பக்கத்திலும் வெட்டுங்கள். சூறாவளிக் காற்று ஒரே திசையில் வீசுவதில்லை. முதற் காற்றில் வேர் தளர்ந்த மரம், காற்று திசை திரும்பும்போது விழும்.
- வாழையில் குலை முற்றியிருந்தால் வெட்டிவிடுங்கள். மற்றவற்றில் நாலைந்து இலையை விட்டு மிகுதியைக் கழியுங்கள். இலை குறைந்தால் காற்றின் பிடியும் குறையும். மரம் முறிந்தாலும் கிழங்கிலிருந்து குட்டி வரும்.
- முருங்கையை ஆள் உயரத்தில் வெட்டுங்கள். வெட்டிய நல்ல தடிகளை நிழலில் நிறுத்தி வையுங்கள். அவையே நாளைய நாற்று.
- மரவள்ளி முற்றியிருந்தால் தேவையான அளவு பிடுங்குங்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு நிலத்திலேயே அழுகும். நல்ல தடிகளைக் கட்டி வையுங்கள்.
- கத்தரி, மிளகாய்ப் பாத்திகளில் வாய்க்காலைத் திறந்து விடுங்கள். பயிருக்குக் காற்றைவிடத் தேங்கும் தண்ணீர் கொடியது.
- கிணற்றை மூடிக் கட்டுங்கள்.

*விலங்குகள்*

ஆடு, மாடுகளைக் கட்டில் விடாதீர்கள். மேட்டு நிலத்துக்கு ஓட்டுங்கள்; முடியாவிட்டால் அவிழ்த்து விடுங்கள். அவிழ்த்த மாடு நீந்தித் தப்பும். கோழிகளைக் கூடையில் வைத்து உங்களுடன் கொண்டு செல்லுங்கள்.

*விதை*

நன்றாகக் காய்ந்த பயிற்றை, வெண்டி, பாகல், பூசணி, மிளகாய், கீரை விதைகளைத் தனித்தனிப் போத்தல்களில் இட்டு, மேலே சிறிது அடுப்புச் சாம்பல் போட்டு இறுக மூடுங்கள். பத்திர வாளிக்குள்ளேயே அவற்றுக்கும் இடம் உண்டு. பாதிப் போத்தலை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது.

காற்று வீசும்போது

கதவு, யன்னல் எல்லாவற்றையும் மூடி, வீட்டின் நடு அறையில், யன்னலுக்குத் தூரமாக இருங்கள். உறுதியான மேசை அல்லது கட்டிலின் கீழ் பிள்ளைகளை இருத்துங்கள். மூடிய அறைக்குள் விறகோ கரியோ மூட்டாதீர்கள். புகை உயிரைக் குடிக்கும். பயந்த பிள்ளைகளுக்கு ஒரு சிறு வேலை கொடுங்கள். ரோச் லைட்டைப் பிடிப்பது, தண்ணீர் பங்கிடுவது போன்றவை போதும். தொழுகையும் செபமும் அந்த நேரத்தில் மனதைத் தாங்கும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். சூறாவளியின் மையம் ஊரின் மேலாகக் கடந்தால் காற்று திடீரென்று ஓயும். வானத்தில் நட்சத்திரமும் தெரியலாம். முடிந்துவிட்டது என்று எண்ணி ஆட்டைப் பார்க்கவும் தகரம் பொறுக்கவும் வெளியே போகாதீர்கள். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். வானொலியில் அறிவிக்கும் வரை வெளியே வர வேண்டாம்.

காற்று ஓய்ந்த பின்

சூறாவளி காற்றோடு முடிவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் இந்நாட்டைத் தாக்கிய டித்வா சூறாவளியில் வெள்ளமும் மண்சரிவுமே பெருந்தொகையான உயிர்களைக் கொண்டுபோயின. எமது ஊர்கள் கிழக்கே கடலுக்கும் மேற்கே தாழ்ந்த வயல்களுக்கும் இடையிலுள்ள மணல் மேட்டில் இருக்கின்றன. மேல்நாட்டு மழைத் தண்ணீர் பின்னர்தான் எம்மிடம் வந்து சேரும். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வீடு திரும்பிய மதரசா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகளின் உயிர்கள் போயின. மாவடிப்பள்ளியிலும் கிட்டங்கியிலும் தண்ணீர் வீதியை மூடியிருந்தால், வயலைப் பார்க்கும் அவசரம் எவ்வளவு இருந்தாலும் இறங்காதீர்கள். வயல் காத்திருக்கும்.

அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாதீர்கள். குவியல்களைக் கிளறும்போது தடியால் தட்டுங்கள், பாம்பு ஒதுங்கியிருக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். அது கிடைக்காவிடில், கொதித்து ஆறிய 1 லீற்றர் தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுங்கள்.

கிணற்றில் கடல்நீர் ஏறியிருந்தால் பம்ப் வைத்து ஒரேயடியாக இறைக்க வேண்டாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாம் கற்ற பாடம் இது. மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையுடன் மெதுவாகத் துப்புரவு செய்து, மழை அதைக் கழுவ விடுங்கள்.

வளவை மீண்டும் எழுப்புதல்

முதல் வாரத்திலேயே ஒரு சிறு பாத்தியில் கீரை விதையுங்கள். ஒரு மாதத்தில் கறிக்கு வரும். அதனுடன் பயிற்றை, வெண்டி போட்டால் இரண்டு மாதத்துக்குள் காய் வரும். எடுத்து வைத்த முருங்கைத் தடியையும் மரவள்ளித் தடியையும் நடுங்கள். சாய்ந்த தென்னையில் குருத்துப் பச்சையாக இருந்தால் வெட்டாதீர்கள். வேரடியில் மண் அணையுங்கள். குருத்து அழுகினால் மரம் போய்விட்டது என்று கொள்ளுங்கள்.

"பிறருடைய வளவில் மரம் வைக்கலாமா?" என்று நீங்கள் கேட்பதுண்டு. காணிக்காரருடன் பேசிச் சம்மதம் பெறும் வரை உரப்பைகளில் மண்ணும் எருவும் நிரப்பிப் பயிர் செய்யுங்கள். போகும்போது அந்தத் தோட்டம் உங்களுடன் வரும். தென்னம்பிள்ளையையும் பையிலேயே வளர்த்து வையுங்கள். சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் வெறுங்கையுடன் போகத் தேவையில்லை.

கூடிக் கலந்துரையாட

1. எமது ஊரில் சூறாவளியைத் தாங்கக்கூடிய கட்டடங்கள் எவை? அங்கே பெண்களுக்கும் முதியோருக்கும் வேண்டிய வசதி உண்டா?
2. தனியே இருக்கும் முதியவரை, கர்ப்பிணியை, ஊனமுற்றவரை யார் அழைத்துச் செல்வது? இன்றே பெயர் குறியுங்கள்.
3. இன்று இரவு காற்று வந்தால் உங்கள் பத்திரமும் விதையும் எங்கே இருக்கின்றன?

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாதவர்கள், இந்த இதழை மடித்து வைத்துவிட்டு ஒரு வாளியைத் தேடுங்கள்.