85-லேயே நின்றுவிட்டதா?

அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் வாங்க என்கிளெக்ஸ் எழுதியே ஆகவேண்டும். சென்னையிலேயே தேர்வு மையம் இருக்கிறது. எழுதித் தேறிய நான் இப்போது தயாராகிறவர்களுக்குக் கைகொடுத்து வருகிறேன். தேர்வு முடிந்ததும் போனில் முதலில் வரும் சேதி, "அக்கா, எனக்கு 85-லயே நின்னுடுச்சு!" சிலர் அழுதுகொண்டே சொல்வார்கள், சிலர் துள்ளிக்கொண்டு. இரண்டுக்கும் காரணமில்லை.

நம் பி.எஸ்சி. நர்சிங்கில் 50 சதவீதம் எடுத்தால் பாஸ். என்கிளெக்ஸில் அந்தக் கணக்கே கிடையாது. சரியாக விடை சொன்னால் அடுத்தது கடினமாகும், தப்பினால் இளகும். நாம் சரியாகச் சொல்லவும் தப்பவும் ஏறக்குறைய சம வாய்ப்புள்ள கேள்வியையே கணினி தேடிப் பிடித்துத் தருகிறது. அதனால் நன்றாகப் படித்தவளுக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் தப்பு என்றே தோன்றும்.

குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. இதில் 15 கேள்விகள் சோதனைக்காகச் சேர்த்தவை. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. எவை என்றும் தெரியாது. 85 முடிந்ததும், நம் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று கணினிக்கு 95 சதவீதம் உறுதியானால் அங்கேயே நிறுத்திவிடும். ஆக, 85-ல் நிற்பது தெளிவான தேர்ச்சியாகவும் இருக்கலாம், தெளிவான தோல்வியாகவும் இருக்கலாம். நீண்டுகொண்டே போனால் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று பொருள். 150-ஐத் தொட்டால் அந்த உறுதி பார்ப்பதில்லை. கடைசிக் கணிப்பு கோட்டுக்கு மேல் இருந்தால் பாஸ். எனக்கு நூறைத் தாண்டி ஓடியது, தேறினேன்.

நேரம் 5 மணி. இடைவேளையும் அதற்குள்தான். கேள்விக்கு 2 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாகப் பழகினால் 150 வரை போனாலும் தாங்கும். 85-ஐ எட்டுமுன் நேரம் தீர்ந்தால் தோல்விதான். ஆனால் நேரம் போகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு விடைகளைத் தட்டாதீர்கள். தொடர்ந்து தப்பினால் கணிப்பு சரசரவென்று இறங்கும். ஒருமுறை அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் திரும்பி வரவும் முடியாது.

2023 ஏப்ரலில் புதிய வடிவம் வந்தபின் கேஸ் ஸ்டடிகள் சேர்ந்தன. ஒரே நோயாளியின் சார்ட்டைப் பார்த்து 6 கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். பொருந்துவதை எல்லாம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் இப்போது பாதி சரியாக இருந்தாலும் மதிப்பெண் உண்டு. ஆனால் தப்பாக டிக் செய்தது ஒவ்வொன்றுக்கும் கழிப்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் டிக் செய்யும் நம்மூர்ப் பழக்கம் இங்கே ஆகாது. இதை நோயாளிக்குச் செய்யத் துணிவேனா என்று கேட்டுக்கொண்டு டிக் செய்யுங்கள்.

இன்னொன்று. மறுபடி தேர்வுக்குப் பணம் கட்டிப் பார்த்து, பதிவு இணையதளம் மறுத்தால் பாஸ் என்று கண்டுபிடிக்கும் 'தந்திரம்' ஒன்று உலவுகிறது. அதை நம்பாதீர்கள். உரிமம் தரும் போர்டு அனுப்புவது மட்டுமே முடிவு.