புகையைப் படிக்கத் தெரிந்தால் வேலை இருக்கிறது

பழைய விறகு அடுப்பு மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது என்று சிங்காரப்பேட்டையில் கேட்டுப் பாருங்கள். கொத்தனார் என்பார்கள், இல்லாவிட்டால் வெல்டர். கொத்தனாருக்குச் செங்கல் தெரியும், வெல்டருக்குக் குழாய் தெரியும். நெருப்பும் காற்றும் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. ஐடிஐ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் லேபராக நுழையக் காத்திருப்பவர்கள் இந்தக் காலியிடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். அங்கே போட்டி அதிகம், இங்கே கிட்டத்தட்ட இல்லை.

கஸ்டமர் எங்கே? கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை போகும் ரோட்டில் சாப்பாட்டுக் கடைகள். வடக்கே திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் என்று விறகில் தம் போடும் பிரியாணிக் கடைகள். கல்யாண மண்டபங்களின் கோட்டை அடுப்புகள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கூடு வேகவைத்துப் பட்டு நூல் எடுப்பவர்கள். எல்லாரும் கேஸுக்கு மாறிவிட மாட்டார்களா? 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் விலை மாதாமாதம் ஆடுகிறது. விறகோ தெரிந்த வண்டிக்காரரிடம் கடனுக்குக் கிடைக்கிறது. "விறகு அடுப்பு பிரியாணி" என்று போர்டு வைத்தே வியாபாரம் நடக்கிறது. பயப்பட வேண்டாம்.

இந்தத் துறையில் நல்ல டிசைனுக்கு என்றுமே பஞ்சமில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா குழு, மூன்று பாத்திரம் வைக்கும் 'அஸ்த்ரா ஒலெ' அடுப்பைக் கொடுத்தது. 1983இல் தொடங்கிய மத்திய அரசின் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம், 2002இல் மூடப்படுவதற்குள் மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகளைக் கட்டியது. டார்கெட் முடிந்தது. விரிசலைப் பூசவும் குழாயைத் தட்டவும் ஆள் இல்லாமல் ஏராளமான அடுப்புகள் சீக்கிரமே கைவிடப்பட்டன. உங்கள் பிசினஸ் அந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறது: கட்டுவதில் இல்லை, சர்வீஸில்.

இனி வேலைக்கு வருவோம்.

1. டூல் பையைத் திறக்காதீர்கள். முதலில் "எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். வருஷக்கணக்காக ஒழுங்காக எரிந்த அடுப்பு திடீரென்று வாய் வழியாகப் புகை கக்கினால், பெரும்பாலும் சுற்றிலும் ஏதோ மாறியிருக்கிறது. பக்கத்தில் மாடி எழும்பியதா? விறகுக்காரர் மாறினாரா? சமையலறையில் புதிதாக எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டார்களா? கடைசிக் கேள்வி முக்கியம். ஜன்னல்களை மூடிக்கொண்டு ஃபேனை ஓட்டினால், அது வெளிக்காற்றைப் புகைபோக்கி வழியாகவே கீழே இழுக்கும். ஃபேனை நிறுத்திக் கதவைத் திறந்து காட்டுங்கள். புகை நின்றால், அங்கேயே உங்கள் பெயர் நின்றுவிடும்.

2. விறகு. பாதிக் கேஸ் இங்கேயே முடியும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கலாம். பத்துக் கிலோ பச்சை விறகு என்றால் ஐந்து லிட்டர். ஓனர் காசு கொடுத்து வாங்கிய நெருப்பு முதலில் அந்த ஐந்து லிட்டரைக் கொதிக்கவைத்து விரட்டும், மிச்சம்தான் அண்டாவுக்கு. நன்றாகக் காய்ந்த விறகில் 20 சதவீதத்துக்குள் ஈரம் இருக்கும். இரண்டு கட்டைகளைத் தட்டுங்கள்: காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். ஒரு மாய்ஸ்சர் மீட்டரும் வாங்குங்கள். கட்டையைப் பிளந்து, உள்பக்கத்தில் ஊசியைக் குத்திப் பாருங்கள். வெளிப்பக்க ரீடிங் ஏமாற்றும். ஓனர் உங்களை நம்பாவிட்டாலும் டிஸ்பிளே நம்பரை நம்புவார்.

3. சாம்பல். அடிச்சல்லடை அடைத்துக்கொண்டால் காற்று கீழிருந்து வராது. புகை கறுக்கும், பாத்திரத்தில் கரி ஏறும். சல்லடைக்குக் கீழே சாம்பல் குவிந்து கம்பியைத் தொட்டால், சூடு இறங்க வழியில்லாமல் வார்ப்பிரும்பு வளைந்துவிடும். புதுச் சல்லடை மாற்றிக் கொடுப்பதோடு, தினமும் சாம்பல் அள்ளும் வேலையை அடுப்பங்கரையில் யார் பொறுப்பில் விடுவது என்பதையும் ஓனரிடம் பேசி முடியுங்கள். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் அதே கம்ப்ளைன்ட் உங்கள் தலையில் வரும்.

4. புகைபோக்கி. அடுப்பு ஆறிய பிறகு, கீழ்க் கதவைத் திறந்து கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் அடைப்பு. உலர்ந்த கரி பிரஷுக்கு வந்துவிடும். பளபளவென்று தார்போல ஒட்டியிருந்தால் அது ஈர விறகின் வேலை. அது தீப்பிடித்தால் குழாய் உறுமும், கூரைக்கும் பரவும். அதனால் தாரைப் பார்த்தால் சுரண்டி முடிக்கும்வரை அடுப்பைப் பற்றவிடாதீர்கள். குழாய் கூரைக்கு மேல் மூன்றடியாவது நிற்க வேண்டும். பத்தடிக்குள் இருக்கும் எதையும்விட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு இழுவை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் குழாயையும் கிரைண்டரால் அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பாது.

5. ஒழுகல். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, அடுப்பு எரியும்போது ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் அங்கே ஓட்டை. பூசுவதற்குச் சாதாரண சிமென்ட் வேண்டாம். 400, 500 டிகிரியைத் தாண்டினால் அதன் பிடிப்பே போய்விடும். ஃபயர் பிரிக்கும் ஃபயர் கிளேயும்தான். பூசியதும் எரியவிடாமல், சிறு நெருப்பில் மெதுவாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகிப் பூச்சை உடைத்துக்கொண்டு வரும்.

6. இரவில் ஷட்டரை மூடிக்கொண்டு தணல் பக்கத்தில் ஆள் படுத்தால், கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் கொன்றுவிடும். இதைச் சொல்ல ஃபீஸ் வாங்காதீர்கள். சொல்லாமலும் வராதீர்கள்.

இப்போது பணம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவைப் பார்த்து இலவசமாக டயக்னோஸ் செய்யாதீர்கள். விசிட் சார்ஜ் என்று ஒன்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள், வேலை கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்ளலாம். வேலைக்கு முன் ஒரு நாள், பின் ஒரு நாள் விறகை எடை போட்டு, எத்தனை தேக்சா இறங்கியது என்று நோட்டில் எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த கடையில் பேச வேண்டியது அந்த நோட்டுதான். சமையல் மாஸ்டரைக் குறை சொன்னால் ஆர்டர் போய்விடும், "மாஸ்டர், நீங்க சொன்ன மாதிரியே பார்த்தேன்" என்று தொடங்குங்கள். ஓசூர் பக்கம் வேலை பிடிக்கக் கன்னடமும் தெலுங்கும் கொஞ்சம் வரட்டும். விலை பேசும் அளவுக்கு வந்தாலே போதும்.

ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காலியாக இருக்கும். அடுப்பைப் பிரிக்க விடுவது அப்போதுதான், ஆகவே ஆனியிலேயே போய் டேட் பிடியுங்கள்.

அடுத்த ஸ்டெப் பாய்லர். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாம்பழக்கூழ் ஆலைகளில் சீசன் முழுக்க ஸ்டீம் வேண்டும். ஆனால் அங்கே அடுப்பு மெக்கானிக் கணக்கு எடுபடாது. 1923ஆம் ஆண்டின் பாய்லர் சட்டம் போய் 2025இல் புதியது வந்துவிட்டது. இருந்தாலும் பாய்லரை ஓட்டத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஹோட்டலில் "அப்படியே அந்த இட்லி ஸ்டீம் பாய்லரையும் ஒரு கை பாருங்க தம்பி" என்பார்கள். பார்க்காதீர்கள். முதலில் லைசென்ஸ் உள்ள அட்டெண்டன்ட் ஒருவரின் கீழ் உதவியாளாகச் சேர்ந்து அனுபவத்தைப் பதிவு செய்யுங்கள். பிறகு செகண்ட் கிளாஸ் பாய்லர் அட்டெண்டன்ட் தேர்வு எழுதலாம்.