சென்னையில் முதல் நாள்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவன்)

எங்கள் மேல்சித்தாமூரிலிருந்து சென்னை செல்வோர் முதலில் தேடுவது மெரினாக் கடற்கரையைத்தான். முதன்முறை செல்லும் நண்பர்களுக்கு நான் கூற விரும்புவது வேறு.

2023 இறுதியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தபின், நம் பக்கத்துப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆகவே திண்டிவனத்தில் இரயிலேறி எழும்பூரில் இறங்குங்கள். பாந்தியன் சாலையில் நடந்தால், 1851இல் தோன்றிய அரசு அருங்காட்சியகம் வரும், வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்குள்ள தீர்த்தங்கரர் சிலைகளைக் கண்டதும் எங்கள் ஊர்ப் பார்சுவநாதர் கோயில் என் நினைவுக்கு வந்தது.

அதே வளாகத்தில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் உள்ளது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி சட்டப்படி அங்கு வந்து சேரவேண்டும். பாடநூலன்றி வேறு நூலில்லாத வீட்டில் பிறந்த நான் வாசலில் தயங்கி நின்றேன், எவரும் தடுக்கவில்லை.

கடல் எங்கும் போய்விடாது நண்பர்களே! முதலில் அந்த நூலகத்தின் படியேறுங்கள்.