இலாபத்துக்கு உத்தரவாதம் கொடுக்கலாமா?

"பத்து இலட்சம் தருகிறேன். வியாபாரத்தில் போடுங்கள். மாதா மாதம் இவ்வளவு என்று தந்தால் போதும்." இப்படி ஒருவர் வந்து சொன்னால் நம்மில் பலருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். இதன் மார்க்கச் சட்டத்தை உலமாக்கள் விளக்குவார்கள். ஒரு வியாபாரி என்ற வகையில் நான் கணக்கை மட்டும் பார்க்கிறேன். இதே போன்ற வாக்கைக் கொடுத்துவிட்டு, அதன் சுமையைப் பல தசாப்தங்கள் சுமந்த ஓர் அரசாங்கத்தின் கதை இது.

1849 இல் இந்தியாவை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பனி, இலண்டனில் அமைந்த இரண்டு ரயில்வே கம்பனிகளோடு ஒப்பந்தம் செய்தது. முதல் அவர்களுடையது, காணி அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும். போட்ட முதலுக்கு வருடம் 5 வீதம் நிச்சயம். ரயில் அவ்வளவு உழைக்காவிட்டால் குறையை அரசாங்கம் நிரப்பும். 1853 இல் பம்பாயிலிருந்து தானாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. பின்னர் வந்த கம்பனிகளுக்கும் இதே முறைதான்.

உத்தரவாதம் இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் அவ்வளவு பணம் கடல் கடந்து வந்திருக்காது என்பது உண்மை. ஆனால் விளைவு என்ன?

முதலாவது, செலவைக் கட்டுப்படுத்த ஆளில்லாமல் போனது. மைலுக்குச் சுமார் 8 ஆயிரம் பவுண் என்று மதிப்பிட்ட வேலை, இரண்டு மடங்குக்கும் மேல் போனது. சிக்கனமாகக் கட்டினாலும் 5 வீதம், வீணாக்கினாலும் 5 வீதம் என்றால் பங்குதாரர் ஏன் கணக்குக் கேட்கப் போகிறார்?

இரண்டாவது, வருமானம் வருமுன்பே கொடுப்பனவு தொடங்கியது. பாதை போட்டு முடியவில்லை, ஒரு ரிக்கட்டும் விற்கவில்லை; ஆனால் கட்டிய முதலுக்கு வட்டி கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுத்தது நிலவரியும் உப்பு வரியும் செலுத்திய குடிமக்கள்.

மூன்றாவது, உழைப்பு ரூபாயில், பொறுப்போ பவுணில். 1870 அளவில் ஒரு ரூபா சுமார் 23 பென்ஸ் பெறுமதியாக இருந்தது. வெள்ளியின் விலை விழுந்ததால் 1892-93 இல் அது சுமார் 15 பென்ஸ் ஆனது. அதாவது, ஒரு பவுண் கட்ட முன்னர் பத்தரை ரூபா அளவில் போதும். பின்னர் 16 ரூபா வேண்டும். கடன் கூடவில்லை, சுமை கூடியது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியபோது, இறக்குமதிப் பாக்கி வைத்திருந்த நமது வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1869 இல் வைஸ்ராய் லோரன்ஸ், இலாபம் கம்பனிக்கு, நட்டம் அரசாங்கத்துக்கு என்ற இந்த முறை ஆகாது, அரசாங்கமே குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கிப் பாதை போடட்டும் என்று வாதிட்டார். அதன் பின் அரச பாதைகள் வந்தன. ஆனால் பழைய ஒப்பந்தங்கள் நீண்ட காலத்துக்கு எழுதப்பட்டவை. உடனே உதற முடியவில்லை.

இலங்கை சற்று முந்திக்கொண்டது. கண்டிப் பாதைக்காக 1845 இல் அமைந்த கம்பனியின் வேலை 1858 இல் தொடங்கியது. செலவு, முதல் மதிப்பீட்டின் இரண்டு மடங்கையும் தாண்டும் என்று தெரிந்ததும், 1861 இல் ஒப்பந்தத்தை முடித்து அரசாங்கமே பொறுப்பேற்றது. 1867 இல் ரயில் கண்டியை அடைந்தது. தொடங்கிய வேலையை விடவில்லை, பிழையான ஒப்பந்தத்தைத்தான் விட்டார்கள்.

ஆகவே, பிறர் பணத்தை வாங்கும் முன் நான்கு விடயங்களை எழுத்தில் வையுங்கள்:

1. கொடுப்பது முதலில் இத்தனை வீதமா, இலாபத்தில் இத்தனை வீதமா? இலாபத்தில் என்றே எழுதுங்கள்.

2. நட்டம் வந்தால் யார் எவ்வளவு ஏற்பது?

3. முதல் போட்டவர் எப்போது கணக்குப் பார்ப்பார்? கேள்வி கேட்கும் பங்காளி தொல்லை அல்ல, காவல்.

4. உழைக்கும் நாணயமும் கட்டும் நாணயமும் ஒன்றா?

வியாபாரம் நடக்காத மாதத்திலும் வாக்குக் கொடுத்த தொகை கேட்டு வரும். அதைக் கடையின் முதலிலிருந்து எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால், சில வருடங்களில் கடையே அவருடையதாகிவிடும். வரி போட அதிகாரம் இருந்த அரசாங்கத்துக்கே அந்த வாக்கு பாரமானது. நமக்கு இருப்பது கல்லாப்பெட்டி மட்டுமே.