வழுக்குமா, பிடிக்குமா? – உராய்வைக் கையால் வெட்டும் பாடம்



முதலாம் ஆண்டு பிசிக்ஸில் உராய்வு என்று ஒரு பாடம் வரும். மியூ, சாய்தளம், ரெண்டு மார்க் கேள்வி. பரீட்சை எழுதியதும் மறந்துவிடுவோம். நானும் மறந்துதான் போயிருந்தேன். தாயில்பட்டியில் ஒரு மழை நாளில், பட்டாசு வேலைக்குப் போன அம்மா அறை வாசல்படியில் வழுக்கி விழுந்து, முழங்கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வழுக்குகிற ஒரு பரப்புக்கு நாமே கையால் பிடிப்பு உண்டாக்க முடியுமா? அதற்கு விடை தேடியதில் அம்மி, அரம், பனிச்சறுக்குப் பலகை என்று மூன்று வாத்தியார்கள் கிடைத்தார்கள்.

1. அம்மி சொல்லும் பாடம்

மிக்ஸி வருவதற்கு முன்னால் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் சத்தம் கேட்கும். அரைத்து அரைத்து வழவழப்பான அம்மியில் மிளகாய் நிற்காது. குழவி தள்ளத் தள்ள நழுவி ஓடும். கொத்துகிறவர் உளியும் சுத்தியலும் வைத்துக் கல் முழுக்கச் சின்னச் சின்னக் குழியாகப் போட்டுத் தருவார். குழியில் மிளகாய் சிக்கி நிற்கும், குழவி அதை நசுக்கும். பரப்பை மாற்றினால் பிடிப்பு மாறும் என்பது நம் ஆச்சிகளுக்குப் புத்தகம் இல்லாமலே தெரிந்த விஷயம்.

ஆனால் அம்மியின் பிடிப்பு எல்லாத் திசையிலும் ஒன்றுதான். ஒரு பக்கம் வழுக்க வேண்டும், மறு பக்கம் பிடிக்க வேண்டும் என்றால் என்ன செய்வது?

2. அரம் சொல்லும் பாடம்

ஒர்க்ஷாப்பில் வைஸில் இரும்பைக் கட்டி ராவியிருப்போம். அரத்தை முன்னால் தள்ளினால் வெட்டும். பின்னால் இழுத்தால் சும்மா வழுக்கும். இழுக்கும்போது அழுத்தினால் இன்ஸ்ட்ரக்டர் திட்டுவார், பல் மழுங்கிவிடும் என்று. காரணம், பல் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஒரு பக்கம் மெதுவான சரிவு, மறு பக்கம் செங்குத்தான முகம். சரிவான பக்கம் ஏறிப் போய்விடும், செங்குத்தான பக்கம் முட்டி நிற்கும். ஒருவழிப் பிடிப்பின் ரகசியம் முழுவதும் இதுதான்.

3. பனி சொல்லும் பாடம்

இந்த ரகசியத்தை நன்றாகப் பயன்படுத்துகிறவர்கள் பனிமலைக்காரர்கள். நம் நாட்டில் குல்மார்க்கிலும் அவுலியிலும் பனிச்சறுக்கு உண்டு. குல்மார்க்கில் ராணுவம் 1948-லேயே பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கியது. இறங்குவதற்குப் பலகையின் அடிப்பாகம் வழவழப்பாக இருக்க வேண்டும். ஏறும்போதோ அதே வழவழப்பு ஆளைப் பின்னால் இழுத்துவிடும். மத்திய ஆசியாவின் அல்தாய் மலைவாசிகள் இதற்குக் குதிரைத் தோலைப் பலகைக்கு அடியில் போர்த்துகிறார்கள். மயிரின் நுனி பின்பக்கம் பார்த்திருக்கும். முன்னால் போகும்போது மயிர் படிந்து வழுக்கும். பின்னால் சறுக்கப் பார்த்தால் சிலிர்த்துப் பனியைப் பிடிக்கும். பூனையைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுவதற்கும் வாலிலிருந்து தலைக்குத் தடவுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இக்காலப் பலகைகளின் அடியில் பாலிஎத்திலீன் தகடு இருக்கிறது. சிலவற்றில் கம்பெனியிலேயே மீன் செதில் மாதிரி வெட்டு போட்டுத் தருகிறார்கள். அது இல்லாத பலகை வைத்திருப்பவர்களில் சிலர் வீட்டிலேயே வெட்டிக்கொள்கிறார்கள். அந்த வேலையில் நமக்குப் பாடம் இருக்கிறது:

அ) பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை ஒட்டாது. ஆகவே பல்லை ஒட்ட முடியாது, உள்ளே வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆ) தகட்டின் கனமே சுமார் 1 முதல் 2 மி.மீ.தான். கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே உள்ள மரத்தைத் தொட்டுவிடும், தண்ணீர் இறங்கிப் பலகை கெட்டுவிடும்.

இ) பலகை முழுவதும் வெட்டினால் இறங்கும்போது வேகம் போய்விடும். பாதத்துக்கு அடியிலும் அதை ஒட்டியும் வெட்டினால் போதும். சமவெளியில் போகும் பலகைகள் நடுவில் வில் போல் மேலே வளைந்திருக்கும். இரண்டு காலிலும் எடை பிரிந்தால் நடுப்பகுதி எழும்பி வழுக்கும். ஒரே காலில் முழு எடை போட்டு உந்தினால் நடுப்பகுதி அமுங்கிப் பல் பனியைக் கவ்வும்.

ஈ) பனி பல்லைவிட மெதுவானது. அதனால்தான் பல் உள்ளே இறங்குகிறது. இறுகிய பனிக்கட்டியில் அதே பல் அவ்வளவாகப் பிடிக்காது. வெட்டுக்கோலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எதிரே உள்ள பரப்பு என்ன என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

4. நாமே செய்து பார்க்கலாம்

தேவை: 1 மீட்டர் நீளப் பலகை ஒன்று, ஒரு சாக்கு, தேய்ந்த ரப்பர் செருப்புத் துண்டு, ஆக்ஸா பிளேடு, ஸ்கேல், ஒரு சின்ன எடைக்கல்.

பலகைமேல் சாக்கை இழுத்துக் கட்டுங்கள். செருப்புத் துண்டின் அடியில் பிளேடைச் சாய்த்துப் பிடித்து, எல்லாக் கோடும் ஒரே பக்கம் சாயும்படி வரிசையாக வெட்டுங்கள். துண்டை எடையோடு பலகைமேல் வைத்து, பலகையின் ஒரு முனையை மெள்ளத் தூக்குங்கள். துண்டு நழுவ ஆரம்பிக்கிற கணத்தில் நிறுத்தி, தூக்கிய உயரத்தையும் தரையில் அடித்தள நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

மியூ = உயரம் ÷ அடித்தள நீளம்.

கணக்குக்கு ஒரு எடுத்துக்காட்டு: உயரம் 28 செ.மீ., அடித்தளம் 96 செ.மீ. என்றால் மியூ 0.29. துண்டைத் திருப்பி வைத்தபோது உயரம் 60, அடித்தளம் 80 வந்தால் மியூ 0.75. ஒரே துண்டு, ஒரே எடை, திசை மட்டும் வேறு. பிறகு சாக்கை எடுத்துவிட்டு வழவழப்பான தகட்டின்மேல் செய்து பாருங்கள். இரண்டு திசைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போகும். பல் இறங்க இடம் இல்லையே! நனைந்த தளத்தில் வெட்டு வேறு வேலை செய்கிறது: தண்ணீர் ஒதுங்க வழிவிடுகிறது. டயரில் பள்ளம் வைப்பதும் அதற்காகத்தான். காய்ந்த ரோட்டில் டயர் பிடிப்பது ரப்பரால். மழையில் அந்த ரப்பர் ரோட்டைத் தொட வழி செய்வது பள்ளம்.

5. எங்கே வெட்டக் கூடாது?

இவ்வளவும் படித்த தைரியத்தில் அம்மா வேலை பார்க்கும் இடத்துப் போர்மேனிடம் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, அறைக்குள்ள கிடக்கிற ரப்பர் விரிப்புல ஆக்ஸா பிளேடால கோடு கோடா வெட்டிவிட்டா ஈரக்காலு வழுக்காதுல்ல?"

அவர் சிரிக்கவில்லை. "தம்பி, நீ படிச்ச புள்ள, யோசிச்சுப் பாரு. கோடு போட்டா அதுல மருந்து போய் உக்காந்துக்கிடும். கூட்டினாலும் வராது, துடைச்சாலும் வராது. அதுமேல ஒருத்தர் காலை இழுத்து நடந்தாலோ, பெட்டியை நகட்டினாலோ என்ன ஆகும்?"

எனக்கு வேர்த்துவிட்டது. உராய்வு என்றால் பிடிப்பு மட்டுமா? சூடும்தானே! தீக்குச்சியைப் பெட்டியில் உரசுகிற ஊர்க்காரனுக்கு இது தெரியாமல் போனதே. பெட்டிப் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசும் கண்ணாடித் தூளும், குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் சேரும் அந்த ஓர் உரசலில்தான் நெருப்பு பிறக்கிறது. குளோரேட்டோடு கந்தகம் கலப்பதைச் சட்டம் தடுத்திருப்பதும், அந்தக் கலவை சின்ன உரசலுக்கே பற்றிவிடும் என்பதால்தான். மருந்து அறையின் தரையில் வெடிப்போ இடுக்கோ மணலோ இருக்கக் கூடாது, இரும்புச் சாமான் கூடாது என்பதெல்லாம் இதே காரணத்துக்காக. மின்சாரம் கடத்தும் ரப்பர் விரிப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு: உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்குவது. அதைக் கிழித்து வைத்தால் அந்த வேலையும் கெடும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்ததை நம் பக்கம் யாரும் மறக்கவில்லை. அறைக்குள் சோதனை செய்து பார்க்க இடமே இல்லை.

அப்படியானால் படிக்கட்டு? அதையும் உளி வைத்துக் கொத்த அண்ணாச்சி விடவில்லை. உளி கல்லில் பட்டால் பொறி வரும். விடுமுறை நாளில் மருந்தையும் சரக்கையும் அப்புறப்படுத்தி, அறையைக் கழுவிவிட்ட பிறகு, படிமேல் புதிதாகச் சிமெண்டு பூசினார்கள். ஈரமாக இருக்கும்போதே விளக்குமாறால் குறுக்கே இழுத்துக் கோடு போட்டார்கள். உளியும் வேண்டாம், பிளேடும் வேண்டாம். வாசலில் கால் துடைக்கச் சாக்கும் போட்டார்கள். ஈரம் உள்ளே போகாமல் இருந்தால் உள்ளே வழுக்காது அல்லவா?

அம்மா இப்போது அந்தப் படியில்தான் ஏறி இறங்குகிறார்கள். "என்னய்யா, நீ போட்ட கோடா?" என்று கேட்டார்கள். "இல்லம்மா, விளக்குமாறு போட்ட கோடு" என்றேன்.

நண்பர்களே, 4-ஆம் பகுதியில் உள்ள சோதனையை வீட்டில் செய்து பாருங்கள். ஆக்ஸா பிளேடில் விரல் ஜாக்கிரதை. இரண்டு திசைக்கும் கிடைத்த மியூவை எழுதிக் கொண்டுவாருங்கள், லேப் வராந்தாவில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.