வாடகை அறையும் இனப்பாகுபாடும்

கேள்வி: மலேசியாவின் கோப்பெங் நகர இளைஞர் பணியாளர்கள் இனவாதத்தை எங்கிருந்து விளக்கத் தொடங்கலாம்?

பதில்: தோட்டப்புறத்திலிருந்து ஈப்போவுக்கோ கம்பாருக்கோ வேலை, படிப்பு என்று செல்லும் இளைஞர் அறை தேடும்போது காணும் ‘சீனர்களுக்கு மட்டும்’ என்னும் வாடகை விளம்பரமே நல்ல தொடக்கம். ஒருவரின் நடத்தையைப் பாராமல் பிறந்த இனத்தைப் பார்த்துக் கதவடைப்பதே இனப்பாகுபாடு. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு அதனைத் தடுத்தாலும், விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் விளக்கியபடி, அரசியலமைப்பு உரிமைகள் அரசைக் கட்டுப்படுத்துமே தவிர தனியாரை அல்ல. ஆதலால் வீட்டுக்காரர் தப்பிவிடுகிறார். இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்கும் எண்ணத்தையும் அரசு 2018 நவம்பரில் கைவிட்டது. எனவே விளம்பரத்தைப் படமெடுத்து வைத்து, அதை வெளியிட்ட தளத்திடம் புகார் செய்ய இளைஞரைப் பழக்குவதோடு, வங்காளதேசத் தொழிலாளிக்கு அறை தர மறுக்கும் தமிழ் வீட்டுக்காரரைப் பற்றியும், சங்கடமானாலும், அதே அமர்வில் பேசவேண்டும்.