குதிரையின் தீனிப்பை

வட இந்திய நகரங்கள் சிலவற்றில் 'தாங்கா' எனப்படும் குதிரை வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. பயணிகளுக்காக வண்டி காத்து நிற்கும் வேளையில், குதிரையின் முகத்தில் ஒரு பை தொங்குவதைக் காணலாம். தொலைவிலிருந்து பார்ப்பவர், விலங்கின் வாயைக் கட்டிவிட்டார்களோ என்று ஐயுறக்கூடும். உண்மையில் அக்குதிரை உணவு உண்டுகொண்டிருக்கிறது. இந்தியில் 'தோப்ரா' என வழங்கும் அப்பையைத் தமிழில் தீனிப்பை எனலாம்.

தீனிப்பையின் பயனை உணரக் குதிரையின் உடலமைப்பை அறிதல் வேண்டும். குதிரை, மாட்டைப் போல அசைபோடும் விலங்கன்று. அதன் பருத்த உடலுக்குள் இருக்கும் இரைப்பை மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். புல்வெளியில் விடப்பட்ட குதிரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் தலையைத் தாழ்த்தி மேய்ந்துகொண்டே இருக்கும். சிறிது சிறிதாக, அடிக்கடி உண்பதே அதன் இயல்பு. மேலும், குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. தானியத்தை ஒரே வேளையில் மிகுதியாக விழுங்கினால் கடும் வயிற்றுவலி உண்டாகும். மனிதருக்கு வயிற்றுவலி பெரும்பாலும் ஒரு நாள் துன்பமே. குதிரைக்கோ அது உயிரையே பறித்துவிடும். அக்குதிரையை நம்பி வாழும் வண்டிக்காரரின் குடும்பமும் அன்றே பிழைப்பை இழக்கும்.

நாள் முழுவதும் வண்டி இழுக்கும் குதிரைக்கு மேய்வதற்கு நேரமில்லை. தெருவில் தொட்டியும் இல்லை. எனவே கித்தானாலோ சணலாலோ பை தைத்து, அதில் கொள்ளு, கொண்டைக்கடலை, வாற்கோதுமை முதலியவற்றை இட்டு, வாரைக் காதுகளுக்குப் பின்னே மாட்டிவிடுகின்றனர். தானியம் தரையில் சிந்தாது. அருகில் நிற்கும் குதிரை அதனைப் பறிக்கவும் முடியாது.

எளிய பொருள்தான், ஆயினும் கவனமின்றிக் கையாண்டால் அதுவே தீங்காகும். மூச்சு விடுவதற்குப் பையின் பக்கங்களில் துளைகள் இருத்தல் வேண்டும். தானியம் குறையக் குறைய வாரைச் சுருக்காவிடில், குதிரை எட்டாத உணவுக்காகத் தலையை உதறி, உள்ளதையும் சிந்திவிடும். பையோடு நீர்த்தொட்டியில் முகம் வைத்தால், பை நீரால் நிறைந்து மூச்சை அடைத்துவிடும். ஆதலால் உண்டு முடித்தவுடன் பையைக் கழற்றிய பின்னரே நீர் காட்டல் வேண்டும். ஒரு குதிரையின் பையை மற்றொன்றுக்கு மாட்டினால், மூக்குச் சளியின் வழியே தொற்றுநோய் பரவும்.

'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும். கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்னும் பழமொழி மனிதரைக் குறித்தே சொல்லப்படுகிறது. குதிரையின் அளவில் அதில் நியாயம் உண்டு. வாயில் கடிவாளத்தின் இரும்பு இருக்கும்போது நன்கு மென்று தின்ன இயலாது. நல்ல வண்டிக்காரர் முதலில் கடிவாளத்தைக் கழற்றுவார். பிறகே பையை மாட்டுவார். வண்டி இழுக்கும் விலங்குகளை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது என 1965 ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. அந்த ஓய்வு வேளையே தீனிப்பைக்கு உரிய வேளை.

இலாயத்தில் நிற்கும் குதிரைக்குத் தீவனத் தொட்டியும் புல் வலையும் உண்டு. தொட்டி தாழ்வாக இருப்பதே நன்று. உயரத்தில் வைத்தால் புல்லின் தூசி கண்ணிலும் மூக்கிலும் விழும். வலையை மட்டும் சற்று உயர்த்தியே கட்டுதல் வேண்டும். புல் தீர்ந்ததும் வலை தொய்ந்து தொங்கும். அதில் குளம்பு சிக்கினால் கால் முறியவும் கூடும். பேராவலுடன் விழுங்கும் குதிரையின் தொட்டியில், வழவழப்பான பெரிய கற்கள் சிலவற்றை இட்டு வைப்பர். கற்களை ஒதுக்கி ஒதுக்கித் தானியத்தைத் தேட வேண்டியிருப்பதால், அது மெதுவாகவே உண்ணும். செலவில்லாத அக்கற்கள் காப்பாற்றிய குதிரைகள் பல.

அருஞ்சொற்பொருள்

கித்தான் – தடித்த முரட்டுத் துணி
வார் – தோல் அல்லது துணிப் பட்டை
இலாயம் – குதிரை கட்டும் இடம்
வாற்கோதுமை – பார்லி

பயிற்சி

1. குதிரை சிறிது சிறிதாக உண்பதற்குக் காரணம் யாது?
2. தீனிப்பையைக் கழற்றிய பின்னரே நீர் காட்ட வேண்டும் என்பது ஏன்?
3. தொட்டி தாழ்வாகவும் வலை உயரமாகவும் இருத்தல் வேண்டும். விளக்குக.
4. உமது ஊரில் உழைக்கும் விலங்கு ஒன்றுக்கு உணவளிக்கும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.